மூன்று தளங்கள், ஓர் அட்டைப்பெட்டி: முப்பரிமாண வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படி?

#1 கரும்பலகை

வணக்கம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒரு சந்தேகத்தை வைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் மூன்று மாறிகளில் ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் வருகின்றன. நீக்கல் முறையைப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். கடைசியில் 0 = 1 என்று வந்தால் ‘தீர்வு இல்லை’ என்றும், 0 = 0 என்று வந்தால் ‘எண்ணற்ற தீர்வுகள்’ என்றும் எழுதி அடிக்கோடிடுகிறார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஆனால் “எது எதோடு சேரவில்லை, ஏன் தீர்வு இல்லை?” என்று கேட்டால் வகுப்பே அமைதி.

இரண்டு மாறி வரைக்கும் இந்தச் சிக்கல் இல்லை. வரைபடத்தாளில் இரண்டு கோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இணைகோடு என்றால் வெட்டாது என்று கண்ணுக்கே தெரிகிறது. மூன்றாவது மாறி உள்ளே வந்ததும் படம் காணாமல் போய்விடுகிறது, எழுத்து மட்டும் மிஞ்சுகிறது. அதே பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் தளத்தின் சமன்பாடு, தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லும் ரூஷே–கபெல்லி தேற்றம் என்று படிக்கும்போது திரும்பவும் அதே இருட்டு.

மாடல் வைத்து நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எது வேலை செய்கிறது, எது வெறும் கண்காட்சிச் சாமான்?

#2 சுவர்மூலை

சார், காசில்லாத மாடல் வகுப்பறையிலேயே இருக்கிறது. அறையின் மூலை. இரண்டு சுவரும் தரையும் சேரும் புள்ளி ஆதிப்புள்ளி, அங்கிருந்து கிளம்பும் மூன்று விளிம்புகளும் அச்சுகள்.

ஒரு கவனம் வேண்டும். மூலையைப் பார்த்து நின்றால் இடது சுவரின் அடிவிளிம்பு எக்ஸ், வலது சுவரின் அடிவிளிம்பு ஒய், மேலே போவது இசட். இதை மாற்றிப் போட்டால் வலக்கை விதி தலைகீழாகிவிடும். பத்தாம் வகுப்பில் பாதகமில்லை, பின்னால் வெக்டர் பெருக்கலில் திசை குழம்பும்.

விளிம்புகளில் ஓர் அடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். 2 எக்ஸ் + 3 ஒய் + இசட் = 6 என்று எழுதிவிட்டு, “இது எக்ஸ் அச்சை எங்கே தொடும்?” என்று கேளுங்கள். மற்ற இரண்டையும் 0 ஆக்கினால் 3 வருகிறது. ஒய் அச்சில் 2, இசட் அச்சில் 6. மூன்று இடத்திலும் செலோ டேப்பால் சணல் கயிற்றை ஒட்டி முக்கோணமாக இழுத்துக் கட்டுங்கள்.

அதன் பிறகுதான் விஷயமே. தரையில் கிடக்கும் கயிற்றைக் காட்டி, “இதன் சமன்பாடு என்ன?” என்று கேளுங்கள். தரை என்றால் இசட் = 0, ஆகவே 2 எக்ஸ் + 3 ஒய் = 6. அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே வரைந்த கோடு! இடது சுவரில் 2 எக்ஸ் + இசட் = 6, வலது சுவரில் 3 ஒய் + இசட் = 6. புதிதாக எதுவும் இல்லை, தெரிந்த மூன்று கோடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பரப்பு, அவ்வளவுதான். இது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் (1, 1, 1) என்ற புள்ளியைக் காற்றில் விரலால் காட்டச் சொல்லுங்கள். 2 + 3 + 1 = 6, பரப்பின் மேலேயே உட்காரும். (1, 1, 2)? கூட்டினால் 7. பரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கணக்குப் போடும் முன்பே கையைத் தூக்கச் சொல்லுங்கள். நல்ல சண்டை நடக்கும்.

#3 நூற்றுக்குநூறு

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

ஒரு பாடவேளை 40, 45 நிமிடம். கயிறு கட்டவே 20 நிமிடம் போகும். முன்வரிசைப் பிள்ளைகள் பத்துப் பேர் பார்ப்பார்கள், பின்வரிசைக்கு முன்வரிசையின் முதுகுதான் தெரியும். பொதுத்தேர்வில் ‘அறை மூலையில் கயிறு கட்டுக’ என்று எந்தக் கேள்வியும் வராது. நீக்கல் முறையில் குறி மாறாமல் செய்யப் பழக்குவதற்கே நேரம் போதவில்லை.

மாடல் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது அறிவியல் கண்காட்சிதான். தெர்மாகோல், கலர் பேப்பர், ஜிகினா. அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டுவார், இல்லையென்றால் கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்குவார். பரிசு கொடுத்ததும் ஆய்வக பீரோவுக்குள் போய்த் தூசி படியும். பிள்ளைக்கு அதிலிருந்து என்ன வந்தது? கரும்பலகையில் சாய்வாக மூன்று கோடு போட்டு ஒரு தளத்தை நிழலடித்துக் காட்டினால் போதாதா?

#4 திரைவரைவு

எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இருக்கிறதே. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கியது, இன்று கைபேசியிலேயே முப்பரிமாணத்தில் வரைகிறது. செலவு இல்லை. சமன்பாட்டைத் தட்டினால் தளம் வந்து நிற்கும், விரலால் சுழற்றலாம், ஸ்லைடர் வைத்து மாறிலியை மாற்றினால் தளம் நகர்வதே தெரியும். ஹை-டெக் லேப் இருக்கும் பள்ளியில் நூறு தளம் வரைந்து பார்க்கலாம். அட்டையை வெட்டி ஒன்று செய்யும் நேரத்தில் இங்கே ஐம்பது செய்யலாம்.

பின்வரிசைக்கும் தெரியும், #3 சாரின் கவலையும் தீர்ந்தது.

#5 ஈர்க்குச்சி

திரைவரைவு தம்பி, ஜியோஜீப்ராவை நானும் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் மாடலுக்குப் பதிலாக முதல் நாளே அதைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணம்.

திரை தட்டையானது. முப்பரிமாண வெளியில் ஒன்றையொன்று தொடாமல் போகும் இரண்டு கோடுகள் திரையில் பெருக்கல்குறி மாதிரி வெட்டிக்கொள்வதாகத்தான் தெரியும். சுழற்றினால் உண்மை தெரியும், சரி. ஆனால் சுழற்றும்போது கண்ணில் ஓடுவதை மனதுக்குள் முப்பரிமாணமாகக் கட்டிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு முன்பே ஓர் அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் இல்லாத பிள்ளைக்கு அது நெளியும் வண்ணப்படம்.

அதைவிடப் பெரிய காரணம்: அங்கே வரைவது மென்பொருள், பிள்ளை இல்லை. சமன்பாட்டைத் தட்டினதும் விடை வந்துவிடுகிறது. எந்த எண் எந்த உயரமாக மாறியது என்ற இடம் முழுக்க மறைந்துபோகிறது. அந்த இடத்தில்தான் பாடமே இருக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். பொருள்: ஒரு தெர்மாகோல் துண்டு (2 செ.மீ.க்கு மேல் கனம்), அதன்மேல் ஒட்ட ஒரு தாள், தென்னை ஈர்க்கு, அளவுகோல். தாளில் 3 செ.மீ. இடைவெளியில் கட்டம் போட வேண்டும். எக்ஸ் 0 முதல் 3 வரை, ஒய் 0 முதல் 2 வரை. ஆக 12 புள்ளிகள்.

சமன்பாடு 2 எக்ஸ் + 3 ஒய் + இசட் = 12. இதை இசட் = 12 − 2 எக்ஸ் − 3 ஒய் என்று மாற்றி எழுதச் சொல்வேன். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரிசை 12, 10, 8, 6. அடுத்தது 9, 7, 5, 3. கடைசி வரிசை 6, 4, 2, 0. ஒவ்வோர் உயரத்தோடும் 2 செ.மீ. கூட்டி ஈர்க்கை வெட்ட வேண்டும், ஏனென்றால் 2 செ.மீ. தெர்மாகோலுக்குள் போய்விடும். இதைச் சொல்ல மறந்தால் குட்டைக் குச்சிகள் தரையோடு தரையாகிவிடும். குச்சியின் அடியிலிருந்து 2 செ.மீ.யில் பேனாவால் குறி வைத்துவிட்டால் எவ்வளவு ஆழம் குத்துவது என்ற குழப்பமும் இல்லை.

எல்லாம் குத்தி முடித்ததும் ஒரு சார்ட் அட்டையை நுனிகளின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு நுனியும் அட்டையைத் தொடும். அதுதான் தளம். எவனாவது குறியை மாற்றிப் போட்டு 7-க்குப் பதில் 13 வெட்டியிருந்தால் அந்தக் குச்சி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், அட்டை உட்காராது. நான் சிவப்புப் பேனாவை எடுக்கவே வேண்டாம். குழுவில் இருக்கிற மற்ற பிள்ளைகளே, “டேய், உன் குச்சியைப் பாருடா” என்று பிடித்துவிடுவார்கள்.

நூற்றுக்குநூறு சார் சொல்வது ஒரு விதத்தில் சரி. ஆசிரியர் செய்து கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் மாடலால் பெரிதாகப் பயன் இல்லை. சமன்பாட்டைப் பார்த்து, கணக்குப் போட்டு, அளந்து, வெட்டினால்தான் பயன். அழகாக இருக்க வேண்டியதே இல்லை. பீரோவில் வைக்கவும் வேண்டாம், பாடவேளை முடிந்ததும் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

#6 அரையாண்டு

நான் பிளஸ் டூ படிக்கிறேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் மேடம் புத்தகத்தை மேசைமேல் நிற்கவைத்து மூன்று தாளை மட்டும் விரித்துப் பிடித்து, “மூன்று தளங்கள் ஒரே கோட்டில் சந்தித்தால் இப்படி, அதனால்தான் எண்ணற்ற தீர்வுகள்” என்று காட்டினார்கள். அது நன்றாகப் புரிந்தது. மூன்றும் இணையாக இருந்தாலும் புரிகிறது, மாடி வீட்டின் தளங்கள் மாதிரி.

எனக்குப் புரியாதது இன்னொன்று. எந்த இரண்டு தளமும் இணை இல்லை, ஒவ்வொரு சோடியும் வெட்டிக்கொள்கிறது, ஆனாலும் மூன்றுக்கும் பொதுப்புள்ளி இல்லை என்று ஒரு வகை இருக்கிறதாம். அது எப்படி? இரண்டு தளமும் வெட்டினால் மூன்றாவதும் எங்காவது வந்து சேரத்தானே வேண்டும்?

#7 ஈர்க்குச்சி

நல்ல கேள்வி, பாப்பா. கரும்பலகை சாரின் 0 = 1 உண்மையில் ஒளிந்திருக்கிற இடம் இதுதான்.

இந்த மூன்றை எடுத்துக்கொள்:

எக்ஸ் − ஒய் = 0
ஒய் − இசட் = 0
இசட் − எக்ஸ் = 6

மூன்றையும் கூட்டு. இடப்பக்கம் எல்லாம் அடிபட்டு 0, வலப்பக்கம் 6. 0 = 6, தீர்வு இல்லை. ஆனால் எந்த இரண்டும் இணை இல்லை. எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு கோட்டில் வெட்டும். அப்படி மூன்று கோடுகள் கிடைக்கும், மூன்றும் ஒன்றுக்கொன்று இணை. (1, 1, 1) என்ற திசையில், அதாவது அறை மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் சாய்வில், மூன்றும் ஓடும். நடுவில் ஒரு முக்கோணக் குழாய் உருவாகும். மூன்று தளமும் அந்தக் குழாயின் மூன்று சுவர்.

இதை அட்டையில் செய்யலாம். இந்த எண்களுக்குக் குழாயின் குறுக்குவெட்டு சமபக்க முக்கோணம், பக்கம் சுமார் 4.9 அலகு. 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்தில் கெட்டியான மூன்று அட்டை வெட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்ததே போதும். ஒவ்வோர் அட்டையிலும் நடுப்பகுதியில் 4.9 செ.மீ. இடைவெளியில் இரண்டு கீறல், ஒவ்வொரு கீறலும் 5 செ.மீ. ஆழம். முதல் அட்டையில் இரண்டு கீறலும் மேலிருந்து. இரண்டாவதில் ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து. மூன்றாவதில் இரண்டும் கீழிருந்து. முதல் அட்டையை நிறுத்தி, அதன் ஒரு கீறலில் இரண்டாவது அட்டையின் கீழ்க்கீறலைச் செருகு. மூன்றாவதை மேலிருந்து ஒரேயடியாக மற்ற இரண்டிலும் இறக்கு. தானாக நிற்கும்.

இப்போது உள்ளே எட்டிப் பார். மூன்று மூலை இருக்கும், மூன்றிலும் இரண்டு இரண்டு அட்டைதான் சந்திக்கும். மூன்றும் சந்திக்கிற இடம் எங்குமே இல்லை.

அடுத்தது, அந்த 6-ஐ 3 ஆக்கினால் என்ன ஆகும்? பக்கம் பாதியாகும், 2.45. 1 ஆக்கினால் இன்னும் ஒடுங்கும். 0 ஆக்கினால் குழாயே மூடிக்கொண்டு மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும், உங்கள் மேடம் புத்தகத்தில் காட்டிய நிலை. கெழுக்கள் மாறவே இல்லை, அதனால் கெழு அணியின் தரம் (மற்ற நிரைகளிலிருந்து வராத தனி நிரைகளின் எண்ணிக்கை) எப்போதும் 2. மாறிலி 0 இல்லாதபோது, வலப்பக்க எண்களையும் சேர்த்து விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரம் 3, தீர்வு இல்லை. 0 ஆகும்போது அதுவும் 2, எண்ணற்ற தீர்வுகள். ரூஷே–கபெல்லி தேற்றத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்த அட்டையை ஒருமுறை கையில் பிடித்துப் பார்.

மாறிலியை நகர்த்தும் இந்த இடத்துக்கு மட்டும் திரைவரைவு தம்பியின் ஸ்லைடர் அட்டையைவிட நல்லது. அட்டையைச் செய்த பிறகு.

#8 பழைய நோட்டு

பீரோவில் தூசி படியும் மாடல் என்றதும் சிரிப்பு வந்தது. பெரிய பெரிய பல்கலைக்கழகங்களிலும் அதே கதைதான்.

பிரான்சில் தியோடர் ஒலிவியே என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நூல் மாடல்கள் செய்தார். மரச்சட்டம், பித்தளைக் கம்பி, துளைகள் வழியாக இழுத்த பட்டு நூல்கள், அடியில் ஈயக் குண்டுகள். சட்டத்தைத் திருகினால் உருளை மெல்ல இடுப்பு ஒடுங்கிய அதிபரவளையப் பரப்பாக மாறும், குண்டின் எடையால் நூல் தொய்யாது. பிறகு ஜெர்மனியில், 1870-களில் முனிச்சில் கணிதப் பேராசிரியர்கள் ஃபெலிக்ஸ் கிளைனும் அலெக்சாண்டர் பிரில்லும் மாணவர்களைக் கொண்டே பிளாஸ்டர் மாடல்கள் செய்யவைத்தார்கள். பிரில்லின் சகோதரர் டார்ம்ஸ்டாட் நகரில் அவற்றை வார்த்து விற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கிளைன் அவற்றைக் கொண்டுபோனார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இன்றும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது மேக்ஸ்வெல் கதை. அமெரிக்காவில் கிப்ஸ் என்ற அறிவியலாளர் 1873-இல் வெப்ப இயக்கவியலை ஒரு பரப்பாக விவரித்து எழுதினார், கன அளவு, என்ட்ரோபி, ஆற்றல் மூன்றும் மூன்று அச்சு. அதைப் படித்த மேக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து களிமண்ணில் அந்தப் பரப்பைத் தன் கையாலேயே பிசைந்து செய்தார். பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றைக் கிப்ஸுக்கு அனுப்பியும் வைத்தார். மின்காந்தச் சமன்பாடுகளை எழுதிய மனிதருக்கே கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

கவனியுங்கள், மாணவர்கள் செய்துகொண்டிருந்தவரை அவை பாடம். விலைப்பட்டியலில் வாங்கும் பொருளான பிறகு கண்ணாடிப் பெட்டி. #5-இல் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம் ஊர் ஆள் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். அரவிந்த் குப்தா, 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்தபோது சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்தே மூலைகளும் விளிம்புகளும் கட்டிக் காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அச்சுகள், கனசதுரம், நான்முகி எல்லாம் அந்த வால்வ் டியூபில் செய்யலாம், பசையே தேவையில்லை.

#9 நூற்றுக்குநூறு

ஈர்க்குச்சி சார், அந்த மூன்று அட்டையை நேற்றிரவு செய்துபார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், அது கரும்பலகையில் வராது. நானே அந்த வகையைக் கோட்டுப்படமாகத்தான் இத்தனை வருடம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் இரண்டு எதிர்ப்பு இன்னும் இருக்கிறது.

ஒன்று, அறை மூலையில் கயிறு கட்டினால் பிள்ளை என்ன நினைக்கும்? தளம் என்றால் அந்த முக்கோணம்தான் என்று நினைக்கும். தளம் சுவரைத் தாண்டியும் தரைக்குக் கீழேயும் போகிறது என்பது மனதில் ஏறாது. எக்ஸ் − ஒய் + இசட் = 3 என்று கொடுங்கள், ஒய் வெட்டுத்துண்டு (ஒய் அச்சை வெட்டும் இடம்) −3. சுவருக்குப் பின்னால் போய்க் கயிறு கட்டுவீர்களா? எக்ஸ் + ஒய் − இசட் = 0 கொடுங்கள். மூன்று வெட்டுத்துண்டும் 0. எங்கே கட்டுவீர்கள்?

இரண்டு, பன்னிரண்டாம் வகுப்பில் தளத்தின் செங்குத்து வெக்டர்தான் முக்கியம். 2 எக்ஸ் + 3 ஒய் + இசட் = 12 என்றால் (2, 3, 1) என்ற திசை தளத்துக்குச் செங்குத்து. உங்கள் ஈர்க்குச்சி மாடலில் கட்டம் 3 செ.மீ., உயரம் 1 செ.மீ.! அந்த அட்டையின் மேல் செங்குத்தாகப் பென்சிலை நிறுத்தினால் அது (2, 3, 1) திசையைக் காட்டாது.

#10 சுவர்மூலை

முதல் எதிர்ப்புக்கு நான் பதில் சொல்கிறேன், மூலை என்னுடையது.

சுவருக்குப் பின்னால் போக வேண்டும் என்றால் மூலையை விட்டு வெளியே வர வேண்டியதுதான். மூன்று சதுர அட்டை எடுங்கள். இரண்டைப் பாதிவரை கீறி ஒன்றில் ஒன்று செருகுங்கள். மூன்றாவதை நான்கு சிறு சதுரமாக வெட்டி நான்கு இடுக்கிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். முழுசாகச் செருகுவதற்குப் போராட வேண்டாம், வராது. இப்போது எட்டு அறை கிடைக்கும். ஒவ்வோர் அறையிலும் + + +, + − + என்று குறிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். எக்ஸ் − ஒய் + இசட் = 3 எந்த அறையில் முக்கோணமாகத் தெரியும் என்று கேட்டால், ஒய் மட்டும் குறை எண்ணாக இருக்கும் அறையைக் காட்டுவார்கள். மற்ற அறைகளுக்குள்ளும் அதே தளம் நுழைகிறது என்று ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் தாள்) துண்டுகளை ஒட்டிக் காட்டலாம். ஓர் அறையில் மட்டும் நுழையவே நுழையாது. எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். (எக்ஸ் குறை, ஒய் மிகை, இசட் குறை. மூன்று உறுப்பும் குறையாகிவிடும், கூட்டல் 3 ஆக முடியாது.)

எக்ஸ் + ஒய் − இசட் = 0 வந்தால் கயிற்றை விட்டுவிட்டு ஈர்க்குக்குப் போங்கள். இசட் = எக்ஸ் + ஒய், உயரம் உடனே கிடைக்கும். ஒரே மாடலை எல்லாவற்றுக்கும் இழுக்கக் கூடாது.

#11 ஈர்க்குச்சி

இரண்டாவது எதிர்ப்பு முழுக்கச் சரி. அளவுகோல் மூன்று திசையிலும் ஒன்றாக இல்லாவிட்டால் தளம் தளமாகத்தான் இருக்கும், இணை இணையாகத்தான் இருக்கும், வெட்டும் புள்ளியும் மாறாது. ஆனால் கோணம் கெட்டுவிடும். பத்தாம் வகுப்பில் நமக்குக் கோணம் வேண்டாம், விரல் நுழைய இடம் வேண்டும், அதனால் 3 செ.மீ. கட்டம். பன்னிரண்டாம் வகுப்புக்கு மூன்று திசையிலும் ஒரே அளவு வைத்தே தீர வேண்டும். அப்போது சாய்வு குறைவான சமன்பாட்டைத் தேர்ந்தெடுங்கள், எக்ஸ் + ஒய் + 2 இசட் = 8 மாதிரி. 2 செ.மீ. ஓர் அலகு என்று வைத்தால் விரலும் நுழையும், பென்சிலும் உண்மையைச் சொல்லும்.

இரண்டு அளவிலும் ஒரே தளத்தைச் செய்து, எதில் பென்சில் பொய் சொல்கிறது என்று கேட்டால் அதுவே ஒரு பாடம்.

#12 துளைக்கிணறு

நான் வாத்தியார் இல்லை, நிலவியல் படித்துவிட்டு ஆய்வுத் துளை போடும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் பேசுவதுதான் எங்கள் தினசரிப் பிழைப்பு. பூமிக்கடியில் இருக்கும் லிக்னைட் அடுக்கோ நிலக்கரி அடுக்கோ ஏறக்குறைய ஒரு தளம். மூன்று இடத்தில் துளை போட்டு ஆழம் தெரிந்தால் தளம் தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு துளையில் அடுக்கு 60 மீட்டரில் வருகிறது. அங்கிருந்து கிழக்கே 300 மீட்டர் தள்ளி 66 மீட்டரில். முதல் துளையிலிருந்து வடக்கே 400 மீட்டர் தள்ளி 68 மீட்டரில். இரண்டு திசையிலும் 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். ஆழம் = 60 + 0.02 எக்ஸ் + 0.02 ஒய். மிகச் சரிவான திசை வடகிழக்கு, சாய்வு சுமார் 1.6 டிகிரி.

இப்போது கிழக்கே 300, வடக்கே 400 உள்ள இடத்தில் நான்காவது துளை போட்டால் எத்தனை மீட்டரில் வர வேண்டும்? 74. அங்கே 80 வந்தால் அடுக்கு வளைந்திருக்கிறது, அல்லது நடுவில் பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து ஒரு பக்கம் நகர்ந்த இடம்) இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வகுப்பில் தூக்கி நிற்கிற குச்சி கணக்குத் தப்பு, எங்களுக்கு அது செய்தி.

1.6 டிகிரியை உண்மை அளவில் மாடல் செய்தால் தட்டையாகத்தான் தெரியும். அதனால் நாங்களும் செங்குத்து அளவை வேண்டுமென்றே பெரிதாக்கித்தான் வரைகிறோம், ஓரத்தில் எத்தனை மடங்கு என்று எழுதிவிடுவோம். நீங்களும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

#13 விரல்நுனி

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த இழையில் திரை வேண்டுமா, அட்டை வேண்டுமா என்று வாதம் நடக்கிறது. எங்கள் வகுப்பில் அந்த வாதத்துக்கே இடமில்லை.

ஒரு அனுபவம் மட்டும். ஈர்க்கு நுனிகளின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக எக்ஸ் திசையில் தள்ளினால் இறக்கம் எவ்வளவு என்று தெரியும், ஒய் திசையில் தள்ளினால் இன்னும் வேகமாக இறங்குவது தெரியும். 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் கையில். பிறகு கையை எந்தத் திசையில் நகர்த்தினால் உயரமே மாறாது என்று தேடச் சொல்வேன். தேடிக் கண்டுபிடிப்பார்கள்: எக்ஸில் 3 முன்னே, ஒய்யில் 2 பின்னே. அதுதான் சம உயரக் கோடு.

பார்வை உள்ள பிள்ளைகளையும் கண்ணை மூடிச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கண் திறந்திருந்தால் உடனே “தெரியுது மிஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நுனி குத்தாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய துணி போட்டுக்கொள்ளுங்கள்.

#14 அரையாண்டு

ஈர்க்குச்சி சார், அட்டை மாடல் செய்துவிட்டேன், நன்றி. தளம் இல்லாத பரப்பையும் இதே மாதிரி செய்ய முடியுமா? இசட் = எக்ஸ் ஒய் என்று ஒன்றை நெட்டில் பார்த்தேன், குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருந்தது.

#15 ஈர்க்குச்சி

முடியும், அதுவும் நூலில். தெர்மாகோலில் இரண்டு வரிசை. எக்ஸ் = 0 வரிசையில் ஒய் 0 முதல் 4 வரை ஐந்து குண்டூசி, உயரம் எல்லாம் 0. எக்ஸ் = 4 வரிசையில் ஐந்து குச்சி, உயரம் 0, 4, 8, 12, 16. நேர் எதிரே இருக்கும் சோடியை நூலால் இணை. ஒவ்வொரு நூலும் நேர்க்கோடு, ஏனென்றால் ஒய்யை நிறுத்திவைத்தால் இசட் = (ஓர் எண்) × எக்ஸ். ஆனால் ஐந்தும் சேர்ந்து முறுக்கிய பரப்பு. குறுக்கே எக்ஸை நிறுத்தினாலும் நேர்க்கோடுதான், ஓர் அளவுகோலை நூல்களின் மேல் குறுக்கே படுக்கவைத்துப் பார், எல்லா நூலையும் தொடும்.

இரண்டு நூலை மட்டும் கவனி. அவை வெட்டவும் இல்லை, இணையும் இல்லை. ஒரு தளம் அமையாக் கோடுகள் என்று உன் புத்தகத்தில் இருப்பது அதுதான்.

இசட் = எக்ஸ்² + ஒய்² வேண்டுமென்றால் அட்டை வட்டங்களை அடுக்கு. உயரம் 1, 2, 3 என்று போக ஆரம் √1, √2, √3 என்று போகும். சின்னது கீழே இருந்தால் நிற்காது, கவிழ்த்து அடுக்கு. அப்போது சமன்பாடு என்னவாக மாறும் என்று நீயே எழுதிப் பார்.

#16 நூற்றுக்குநூறு

சரி, ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன். பத்தாம் வகுப்பில் நாற்பது பேர். எட்டுக் குழு. கயிறு வேண்டாம், ஈர்க்கும் அட்டையும் மட்டும். நீக்கல் முறை தொடங்குவதற்கு முன்னால் செய்வதா, முடித்த பிறகா?

#17 கரும்பலகை

முன்னால் ஈர்க்கு, பின்னால் அட்டை என்று பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் சார். ஒரு சமன்பாடு ஒரு தளம் என்பது முதலில் தெரிய வேண்டும். 0 = 6 வந்து மாட்டிக்கொண்ட பிறகு அந்த மூன்று அட்டையைக் கொடுத்தால்தான் கேள்வி அவர்களுடையதாக இருக்கும். நானும் இந்தப் பருவத்தில் அப்படியே செய்கிறேன். ஈர்க்கு எவ்வளவு தேவைப்படும்?

#18 ஈர்க்குச்சி

#5-இல் சொன்ன சமன்பாட்டுக்கு, உள்ளே போகும் 2 செ.மீ.யையும் சேர்த்தால், ஒரு குழுவுக்கு மொத்தம் 96 செ.மீ. நுனிப்பக்கம் மெலிந்து துவளும், அதை வெட்டிக் கழித்துவிட்டால் குழுவுக்கு மூன்று ஈர்க்கு வரும். ஒரு துடைப்பம் வாங்கினால் எட்டுக் குழுவுக்கும் தாராளம். காய்ந்த ஈர்க்காகப் பாருங்கள், பச்சை என்றால் வளைந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டினால் நுனி சாய்ந்து பிளக்கிறது, நகவெட்டியால் வெட்டச் சொல்லுங்கள். நகவெட்டியை ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள்.